சுவரோரத்துச் சூடு

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கப் பதினோரு நாள் இருக்கையில், மலையடிவாரத்துக் குடியிருப்பின் நாலாவது பிளாக்கில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்கு ஏசி மெக்கானிக் ஜெயசீலன் அளவெடுக்க வந்து, சுவரை அளந்து, ஜன்னலை எண்ணி, மேற்கு வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று விசாரித்து முடித்த பிறகு, எல்லா வீட்டிலும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டார்; அதற்குப் பூங்காவனம் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னாள்; அந்தப் பதிலால்தான் இத்தனையும் நடந்தது.

"ராத்திரி எத்தினி பேரு படுப்பீங்கக்கா?"

"நாலு பேரு."

சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போய்விட்டாள். பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஏகாம்பரம் தலையைத் தூக்காமலே, "மூணு பேரு" என்றார். அதற்குள் ஜெயசீலன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் நாலு என்று எழுதிவிட்டார்.

"அழிச்சிட்டு மூணு போடுங்க. இந்த வீட்ல நாங்க மூணு பேருதான்."

"அழிக்க மாட்டேன் சார். பாய் போடுறவங்க வாயால வர்றதுதான் எனக்குக் கணக்கு. இருவத்திரண்டு வருசமா அப்படித்தான். ஆம்பளைங்களக் கேட்டா மாமியார விட்டுடுவாங்க, சில பேரு தன்னையே எண்ண மறந்துடுவாங்க. அப்புறம் மெஷின் குளுரலன்னு என்னைத் திட்டுவாங்க."

ஏகாம்பரம் அரசுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, விசில் ஊதி, ஒன்று இரண்டு மூன்று என்று எண் சொல்ல வைத்தவர். எண்ணிக்கையில் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த மனிதரிடம் மேற்கொண்டு வாதாட வேண்டுமென்றால் அந்த நாலாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பெயரை இனி இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவரே அவர்தான், அதனால் பேப்பரைப் புரட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

மூத்தவள் வினோதினி தை மாசத்தில் வேறு சாதிப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். சேதி வந்த அன்றைக்கு ஏகாம்பரம் குளியலறைக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு நடு ஹாலில் வந்து நின்று, "எனக்கு ஒரே பொண்ணு" என்றார். செத்தவர்களுக்குத் தலைமுழுகுவது உண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு முழுகுவதும் அந்தப் பக்கத்தில் உண்டு, இரண்டுக்கும் ஊற்றுவது ஒரே தண்ணீர்தான். பூங்காவனத்தின் கைகள்தான் பழக்கத்தை விடவில்லை. மூன்று மாசமாக அரிசியை நாலு பேருக்குக் களைந்து, மிஞ்சியதைக் காலையில் தண்ணீர் ஊற்றித் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு ஏசிதான், அதற்கு மேல் யாருக்கும் கட்டுப்படியாகாது. மரமே இல்லாத அந்தப் பாறை மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் குடியிருப்பின் மேல் திருப்பி ஊதும். அதனால் சித்திரை பிறந்ததும் கட்டில் ஹாலுக்குப் போய், பாய்கள் ஏசி அறைக்கு வந்து, வீடு முழுக்க ஒரே அறையில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். எத்தனை உடம்பு, எத்தனை மூச்சு என்று பார்த்துத்தான் மெஷின் வாங்க வேண்டும் என்பார் ஜெயசீலன். "சின்னதா வாங்கிட்டா நிக்காம ஓடி ஓடியே சாவும். பெருசா வாங்கிட்டா சட்டுனு குளுந்து நின்னுடும், ஈரம் வெளியே போகாது, சுவரு பூக்கும், தல பாரமா இருக்கும். ஆளுக்கு ஏத்த மெஷினுக்கா. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது." நாலு பேருக்கு ஒன்றரை டன் என்று அவர் சொல்ல, அதுவே வந்தது. மாட்டி முடித்ததும் முன் மூடியைத் திறந்து, உள்பக்கம் பென்சிலால் 4 என்று எழுதி மூடினார். அவர் மாட்டுகிற எல்லா மெஷினிலும் இப்படி ஓர் எண் இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி கதவோரம் ஏகாம்பரம், அடுத்து சின்னவள் ஜீவிதா, அடுத்து பூங்காவனம், அதற்கப்புறம் சுவரோரம் ஓர் ஆள் படுக்கிற இடம், வெறும் பாய். விடியற்காலையில் புரண்டு படுத்த பூங்காவனத்தின் கை அந்தப் பாயில் விழுந்தபோது பாய் சூடாக இருந்தது. அறை முழுக்கச் சில்லென்று இருக்க, அந்த இடம் மட்டும் ஓர் உடம்பின் நீளத்துக்கு, சுவரைப் பார்த்து ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிற ஒரு பெண்ணின் வளைவோடு சூடாக இருந்தது. பூங்காவனம் பயப்படவில்லை. எந்தத் தாயும் செய்கிறதைத்தான் செய்தாள்; புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை என்று தெரிந்ததும் தன் போர்வையில் பாதியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். ஆறேகாலுக்குச் சூடு எழுந்துகொண்டது, பாய் சில்லிட்டது. வேலைக்குப் போகிறாள், சீக்கிரம் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தபடி அவளும் எழுந்தாள்.

மறுநாள் ஜீவிதா தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா இன்னும் காலை மடக்கித்தான் படுக்கிறாம்மா" என்றாள், கொஞ்ச நேரம் அந்த இடத்தின் மேல் கை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஏகாம்பரம் கதவைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா முழித்திருக்கிறாரா என்று அவர் முதுகை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த மாதிரி விஷயம் ஒரு வீட்டுக்குள் எத்தனை நாள் நிற்கும். ஜீவிதா கீழ்வீட்டுத் தோழியிடம் சொல்ல, பால் பாக்கெட் வருவதற்குள் நாலு பிளாக்கும் அறிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து, கால் கழுவிக்கொண்டு உள்ளே போய், பாயைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, சூடாத்தான் இருக்கு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் கற்பூரம் ஏற்றவில்லை, யாரும் மந்திரிக்கக் கூப்பிடவில்லை. ஒரு வாரத்துக்கெல்லாம் அது பழகிப்போய், தண்ணீர் லாரி எப்போது வரும் என்கிற பேச்சுக்கு நடுவே, "உங்க பெரியவ நேத்து லேட்டா வந்து படுத்தாளாமே" என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் ஜெயசீலனுக்குத் தொல்லை பிடித்தது. இரண்டாவது பிளாக் ரெஹானாவின் புருஷன் சவுதியில், தமாமில் கிரேன் ஓட்டுகிறவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவள் தன் வீட்டில் மூன்று என்பதற்குப் பதில் நாலு என்று எழுத வைத்தாள். அவள் பக்கத்திலும் சூடு வந்து படுத்தது, ஒரு பெரிய ஆளின் அகலத்துக்கு. அன்றிலிருந்து அவள் போனில் சண்டை பிடிப்பது படிக்கட்டு வரைக்கும் கேட்டது: "ரெண்டு மணி வரைக்கும் நீங்க படுக்கவே இல்ல, எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க." ஆளாளுக்கு ஜெயசீலனைக் கூப்பிட்டு ஆளாளுக்கு ஒன்று கூட்டி எழுதச் சொன்னார்கள். கொசு மருந்து அடிக்க வந்த நகராட்சிப் பெண் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "படுக்கிறவங்களா, இருக்கிறவங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தணிகாசலம், மனைவி இறந்து நாலு வருஷமானவர், தனி ஆளாக இருந்துகொண்டு இரண்டு என்று எழுத வைத்தார். அவர் அறை ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்தது, மெஷின் நின்றது, ஈரம் உள்ளேயே தங்கியது. மூன்று நாள் அவர் பாயின் மறுபாதியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். மூன்று நாளும் அது ஈரமாக, சில்லென்று, யாருடையதுமாக இல்லாமல் கிடந்தது, சுவரில் பூஞ்சை கிளம்பியது. நாலாம் நாள் ஜெயசீலனைக் கூப்பிட்டு, "எனக்கு ஏத்தது ஒண்ணு போடுப்பா" என்றார். செத்தவர்களுக்குச் சூடு இல்லை என்று குடியிருப்புக்கு அன்றைக்குத் தெரிந்தது. பூங்காவனம் அதைக் கேட்டு அழுதாள், தணிகாசலத்துக்காகப் பாதி, நிம்மதியில் பாதி. தன்னுடையவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள்.

அது தெரிந்த பிறகுதான் சாந்தகுமாரி அக்காவை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளுடைய மகன் பதினொரு வருஷத்துக்கு முன்னால் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லிப் போனவன், கடுதாசி இல்லை, போன் இல்லை. இந்தச் சூடு வந்த வருஷம்தான் அவளும் ஏசி வாங்கினாள். ஜெயசீலன் அளவெல்லாம் எடுத்து முடித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமல் நின்றார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை. வாசலில் நாலைந்து பேர் சும்மா வந்ததுபோல நின்றார்கள். சாந்தகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எழுதாமப் போ தம்பி" என்றாள். அந்த ஊரில் ஜெயசீலன் மாட்டியதில் எண் எழுதாத மெஷின் அது ஒன்றுதான். அவள் சுவரோரத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வதாகவும், தூக்கத்தில் கை போய்விடக் கூடாது என்று இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அதைப் பற்றி யாரும் அவளிடம் பேச்செடுக்கவில்லை.

மெஷின் ஓடினால்தான் சூடு வந்து படுக்கும். அதனால் பூங்காவனம் கோடை முடிந்தும் அதை நிறுத்தவில்லை, மழை வந்தும் நிறுத்தவில்லை, மார்கழியில் ஊரே கம்பளி போர்த்தி நடுங்கியபோதும் நிறுத்தவில்லை. வருஷம் முழுக்க ஓடுகிற மெஷின் என்பதால் இரண்டு வாரத்துக்கொருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டி, தேய்க்காமல் தூசியை மட்டும் கழுவி, நிழலில் காயவைத்துத் திரும்பச் செருக ஜெயசீலனிடம் கற்றுக்கொண்டாள்; மூன்று மாசத்துக்கொருமுறை அவர் வந்து பம்பு வைத்துத் தண்ணீர் அடித்து, உள்ளே வெளியே அலசிவிட்டுப் போவார். ஏகாம்பரம் மார்கழி பூராவும் குரங்குக் குல்லாய் போட்டு, மஃப்ளர் சுற்றி, பள்ளி ஸ்வெட்டரோடு அந்த அறையில் படுத்தார். எதற்கு இந்தக் குளிரில் ஏசி என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காததைப் பூங்காவனம் கவனிக்கவும் இல்லை, அவளுக்கு அவர் மேல் அத்தனை கோபம்.

மறுவருஷம் பங்குனியில் அறை குளிர்வது குறைந்தது. சித்திரையில் மெஷின் நிற்காமல் ஓடியும் வேர்த்தது. சுவரோரத்துச் சூடு இப்போது மத்தியானத்திலும் வந்து படுத்தது, ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். ஒருநாள் அதன் வளைவுக்குள் கை வைத்துப் பார்த்த பூங்காவனம், வயிறு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு இன்னொரு சூடு இருப்பதைக் கண்டாள், மற்ற இடத்தைவிட ஒரு படி கூடுதலாக, தனியாக. இரண்டு பெற்றவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு இது மூணாவது மாசமோ நாலாவது மாசமோ, வாந்தி எடுத்தால் நெற்றியைப் பிடிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, தான் இங்கே ஒரு பாயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். இனிமேல் சூடு மட்டும் போதாது. மகள் வர வேண்டும். அதற்கு வாய் திறக்க வேண்டியவர் கதவோரம் படுக்கிறவர்.

ஜெயசீலன் வந்து பார்த்தார். கேஸ் சரியாக இருந்தது, ஃபில்டர் பளிச்சென்று இருந்தது, வெளி யூனிட்டுக்குக் காற்றோட்டம் இருந்தது, மெஷின் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் பன்னிரண்டு டிகிரி காட்டியது.

"மெஷின்ல குறை இல்லக்கா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆளு கூடியிருக்கு" என்றார்.

ஏகாம்பரம் வாசற்படியில் நின்று அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, மொட்டைமாடி வெயில்தான் காரணம் என்று சொல்லி, தானே மேலே ஏறி மாடி முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தார். சூடு குறையவில்லை. மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார். குறையவில்லை. கதவு இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தார். ஐம்பத்தாறு வயசு மனிதர் வேகாத வெயிலில் பத்து நாள் மேலும் கீழும் ஏறி இறங்கி, செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலையில் ஜெயசீலன் மறுபடி வந்து, பால்கனியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிற வாளியைப் பார்த்தார். பக்கத்தில் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. வினோதினி வைத்த செடி அது, அவள் வீட்டை விட்டுப் போன தை மாசத்தில் காய்ந்து குச்சியாகக் கிடந்தது.

"செடி நல்லா வந்துச்சே சார். யாரு ஊத்துறது?"

"நான்தான்." ஏகாம்பரம் வாளியையே பார்த்துக்கொண்டு பேசினார். "விடிஞ்சதும் எடுத்து ஊத்திடுவேன். நம்ம மூச்சுதானே தண்ணியா வருதுன்னு நீங்க சொன்னீங்க. பெரியவ படுக்கிற நாளு கழுத்து வரைக்கும் வரும். ஆடியில ஒரு நாலு நாள் பாதிதான் வந்துச்சு, அவ தூங்கலையோ, வெளியூரு போயிட்டாளோ, உடம்புக்கு என்னவோன்னு எனக்கு விசில் ஊதவே ஓடல. பங்குனியிலேர்ந்து வாளி வழியுது."

சமையலறையில் பூங்காவனத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஒரு வருஷமாக அவள் பாயைத் தொட்டுத் தெரிந்துகொண்டதை இந்த மனிதர் வாளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"சட்டையப் போட்டுட்டு வரேன்" என்றார் ஏகாம்பரம். "கடைக்குப் போலாம். வேற மெஷின் பாக்கணும்."

நாலு பேருமாகப் போய் நின்ற கடையில் சுவர் முழுக்க நாற்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. விற்பனைக்கு நின்ற பையன் நட்சத்திரம், இன்வெர்ட்டர், வாரன்டி என்று அடுக்கிக்கொண்டே போனான். ஜெயசீலன் அவனைக் கையமர்த்திவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு, பூங்காவனத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்திரி எத்தினி பேரு படுப்பீங்கக்கா?"

போன வருஷம் யோசிக்காமல் வந்த பதில் இந்தத் தடவை சட்டென்று வரவில்லை. ஐந்து என்று சொல்லி, இவர் திரும்பி வெளியே நடந்துவிட்டால் என்ன செய்வது. அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஜீவிதா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு" என்றார் ஏகாம்பரம்.

ஜெயசீலன் விரலை மடக்கிப் பார்த்தார். "அஞ்சுதானே சார் வருது? சூடு அஞ்சுதான் இருக்கு."

"மாப்பிள்ளை எங்க படுப்பாரு?"

மகளைக் கட்டிக்கொண்ட பையனை அதுவரை அந்த வீட்டில் யாரும் எண்ணவில்லை. பூங்காவனமே எண்ணவில்லை. மகளுக்கு அரிசி களைந்தவள், மகளுக்குப் போர்வை போர்த்தியவள், அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் படுப்பான் என்பதை ஒரு ராத்திரிகூட நினைத்துப் பார்த்ததில்லை. யாரும் எண்ணாத ஆளின் சூட்டை அந்த மெஷின் காட்டியதும் இல்லை; பிள்ளைகூட எண்ணின உடம்புக்குள்ளேதான் வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பாய் போடுறவங்க சொல்லணும் சார்" என்றார் ஜெயசீலன்.

"ஆறு பேரு" என்றாள் பூங்காவனம்.

ஜெயசீலன் பென்சிலை நோட்டின் மேல் வைத்தார், ஆனால் எழுதவில்லை. "வர்றாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது சார். ஆளு இல்லாமப் பெரிய மெஷின் போட்டா என்ன ஆகும்னு தணிகாசலம் சார் வீட்ல பாத்துட்டோம்."

ஏகாம்பரம் சின்னவள் பக்கம் திரும்பினார். "உன் அக்கா நம்பரு உங்கிட்ட இருக்கும். போடு."

ஜீவிதா போனை எடுத்தாள். 'கெமிஸ்ட்ரி மேடம்' என்று பெயர் போட்டு வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். விளையாட்டு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். மணி அடித்தது. "அக்கா, நாந்தான். இரு, அப்பா பேசறாரு" என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல் ஏகாம்பரத்துக்கு. அந்தக் குரல் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஓடுகிற நாற்பது மெஷின்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. விற்பனைக்கு நின்ற பையனுக்கு என்ன தோன்றியதோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஏகாம்பரம் உட்காரவில்லை.

"ஏசி வாங்க வந்திருக்கோம்மா" என்றார் கடைசியில். "பழசு பத்தல. ரெண்டு டன்னாப் பாக்கிறோம். எல்லாரும் படுக்கணும்ல." போனை மறுகாதுக்கு மாற்றினார். "உனக்குச் சுவரோரந்தானே?"

பூங்காவனத்துக்கு மகளின் குரல் கேட்கவில்லை, புருஷனின் முகம்தான் தெரிந்தது. தலைமுழுகிய அன்றைக்குக்கூட அசையாத அந்த முகத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. தலையை இரண்டு மூன்று தடவை ஆட்டினார், போனில் பேசுகிறவளுக்குத் தலையாட்டினால் தெரியாது என்பதையும் மறந்து. பிறகு ஜெயசீலனைப் பார்த்தார்.

"சுவரோரந்தானாம்" என்றார். "எழுதிக்கோங்க."